முனி காவல் காத்த பள்ளம்

எங்கள் குடும்பத்திலேயே பக்தி குறைவான ஆள் நான்தான். வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவதைக்கூட என் கணவர் முரளி ஞாபகப்படுத்தினால்தான் செய்வேன். தைப்பூசத்துக்குப் போனால் மோர்ப் பந்தல் எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் தேடுவேன். அப்படிப்பட்ட நான், பாசிர் கூடாங்கில் நாங்கள் குடியிருக்கும் தாமான் என்ற வீட்டுத் தொகுதியின் நுழைவாயிலில் ஒரு முனீஸ்வரரை என் கையாலேயே நிறுத்தி, அவருக்குக் கூட்டம் சேர்த்து, கடைசியில் அவருக்காக ஜொகூர் பாருவில் நீதிமன்றம் ஏறிப் பதில் சொன்னேன் என்றால் யாரும் நம்புவதில்லை. (என் மாமியார் மட்டும் நம்பினார். "இவ செய்வா" என்றார்.)

இதைச் சிரித்துக்கொண்டே சொல்ல எங்களுக்குச் சில வருடங்கள் பிடித்தன. இப்போதும் சில இடங்களில் எனக்குச் சிரிப்பு வராது. அந்த இடங்களை வேகமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தாமானுக்குள் நுழைய ஒரே பாதைதான். அதன் குறுக்கே ஓடும் சாக்கடை மழைக்காலத்தில் பொங்கி வழிகிறது என்று எல்லாரும் மாறி மாறிப் புகார் செய்ததில், ஒருநாள் நகராண்மைக் கழகத்தின் பெயர்ப்பலகையோடு ஒரு மண்வாரி இயந்திரம் வந்தது. பாதையில் பாதியை ஆள் ஆழத்துக்கு வெட்டினார்கள். காங்கிரீட் போட இரும்புக் கம்பி கட்டினார்கள். பிறகு இயந்திரத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு போனவர்கள் திரும்பி வரவில்லை. கம்பிகள் மட்டும் வானத்தைப் பார்த்து நின்றன. மழை பெய்தால் பள்ளம் நிரம்பி, பாதையும் பள்ளமும் ஒரே தண்ணீராகத் தெரியும். காவலுக்கு ஒரு ஆரஞ்சுக் கூம்பை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். முதல் மழையிலேயே அது மிதந்து போய்விட்டது. (அடுத்த தெருவில் ஒருவர் கார் நிறுத்தும் இடத்தைப் பிடித்து வைக்க அதைப் பயன்படுத்துவதைப் பார்த்தேன். கேட்கலாம் என்றுதான் போனேன். அவர் வீட்டில் பெரிய நாய்.)

முரளி ஒரு தொழிற்சாலையில் வெல்டர். இரவு ஷிப்ட் முடிந்து விடியும் நேரத்தில் மோட்டார் சைக்கிளில் வருவார், பாதித் தூக்கத்தில். அவர் வந்து சேரும்வரை நான் சன்னலில் நிற்பேன். நான் முதலில் பயந்தது அவருக்காகத்தான். மற்ற எல்லாம் அதிலிருந்து வந்த வினை.

நகராண்மைக் கழகத்துக்குப் போன் செய்தேன். பேசியவர் மிக மரியாதையானவர். அவர் மலாயில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"அம்மா, அந்த வேலையைக் குத்தகைக்குக் கொடுத்தாச்சு. இப்ப அது குத்தகையாளரோட இடம்."

"ரோடு உங்களோடது தானே?"

"ரோடு எங்களோடதுதான் அம்மா. வேலை அவரோடது."

குத்தகையாளரைக் கூப்பிட்டேன். அவர் உள்குத்தகைக்கு விட்டிருந்தார். எங்கள் ஊர்ப் பேச்சில் சப்-கொன். அந்த சப்-கொன்னைக் கூப்பிட்டால், தாங்கள் காங்கிரீட் மட்டும்தான் போடுவோம், தோண்டுவது வேறு ஆள் என்றார்கள். அந்த வேறு ஆளின் போன் எப்போதும் அணைந்தே கிடந்தது. இதற்குள் பலகாரம் விற்கும் ஒரு மலாய்க்கார அக்கா தட்டோடு பள்ளத்தின் ஓரத்தில் சறுக்கி விழுந்தார். நேப்பாளிக் காவலாளி ஒருவருக்கு முழங்கை பெயர்ந்தது. நான் அட்டைப்பெட்டியைக் கிழித்து மலாயில் 'அவாஸ்', அதாவது ஜாக்கிரதை, என்று பெரிதாக எழுதி வைத்தேன். மழையில் அது கூழானது. பலகையில் எழுதி வைத்தேன். பலகை நல்ல பலகை என்பதால் அன்றைக்கே காணாமல் போனது.

அந்த வாரம் ஒரு கல்யாணத்துக்காகப் பண்டார் தெங்காரா போனோம். செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே ஒரு வளைவில் சின்ன முனீஸ்வரர் மேடை. ஒரு சூலம், மஞ்சள் துணி, எலுமிச்சம்பழம், அவ்வளவுதான். அதுவரை பேய் வேகத்தில் எங்களை முந்திய லாரிகள் எல்லாம் அங்கே வந்ததும் வேகத்தைக் குறைத்து, ஒரு ஹாரன் அடித்து, பவ்வியமாகப் போயின. எனக்கு அப்போது ஞானம் பிறந்தது. நகராண்மைக் கழகத்துக்கு யாரும் பிரேக் போட மாட்டார்கள். முனிக்குப் போடுவார்கள்.

"என்னங்க, ஒரு சூலம் செஞ்சு தர முடியுமா?"

முரளி என்னைத் திரும்பிப் பார்த்தார். "எதுக்கு?"

"பள்ளத்துக்கு."

"சாமியோட வெளையாடாத, கலா."

"சாமி இல்லங்க. சிக்னல் லைட்டு மாதிரி வச்சுக்குங்க."

இரண்டு நாள் முனகிவிட்டு, பள்ளத்தின் ஓரத்தில் சிதறிக் கிடந்த அவர்களுடைய துண்டுக் கம்பிகளையே எடுத்து வளைத்து, பற்றவைத்து, ஒரு சூலம் செய்து தந்தார். (வேலையில் மனுஷனைக் குறை சொல்ல முடியாது. கோயில் சூலமே அவ்வளவு நேராக இருக்காது.) பொழுது விடியும் முன் நான் அதைப் பள்ளத்தின் ஓரத்தில் நட்டு, மஞ்சள் துணி கட்டி, குங்குமம் வைத்து, மூன்று முனையிலும் எலுமிச்சம்பழம் குத்தினேன். தொழிற்சாலை பஸ்ஸில் போகிற பிள்ளைகள் சன்னல் வழியாகக் கும்பிட்டார்கள். மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் வேகம் குறைத்து, பள்ளத்தை விட்டு விலகிப் போயின. அன்றைக்கு நான் சமையலறையில் பாடிக்கொண்டே சோறு வடித்தேன். இத்தனை பெரிய அலுவலகத்தால் முடியாததை ஒரு எலுமிச்சம்பழம் செய்துவிட்டதே என்ற திமிர்.

அடுத்த நாள் சூலத்துக்கு யாரோ மாலை போட்டிருந்தார்கள். அதற்கடுத்து சுருட்டு வந்தது. ஊதுவத்தி வந்தது. ஒரு அகல் விளக்கும், அதற்கு எண்ணெய்ப் போத்தலும் வந்தன. யாரோ துத்தநாகத் தகட்டில் கூரையே போட்டுவிட்டார்கள். நான் பயந்துபோய், தாமானின் வாட்ஸ்அப் குழுவில் உண்மையை எழுதினேன். இது சாமி இல்லை, எச்சரிக்கைக்காக நான்தான் வைத்தேன், என் வீட்டுக்காரர்தான் வெல்டிங் செய்தார் என்று. பதிலுக்கு எல்லாரும் கைகூப்பிய படங்களை அனுப்பினார்கள். எதிர் வீட்டு சரோஜா அக்கா வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஒன் மூலமா வரணும்னு அவருக்கு இருந்திருக்கு."

"அக்கா, அது சாக்கடைக்குப் போட்ட லோங்கான் கம்பி."

"கம்பி எங்கேருந்து வந்தா என்ன? வந்துட்டாரு இல்ல?"

அதே வாரம் சரோஜா அக்காவுக்கு நாலு எண் குலுக்கலில் சின்னப் பரிசு விழுந்தது. எந்த எண்ணை வைத்தார் என்று கேட்டால், பள்ளத்தைச் சுற்றி நின்ற கம்பிகளை எண்ணியதாகச் சொன்னார். அதோடு என் உண்மை செத்தது. அக்கம்பக்கத்துத் தாமான்களிலிருந்தும் ஆட்கள் வந்து குந்தி உட்கார்ந்து கம்பி எண்ணினார்கள். நான் பள்ளத்திலிருந்து ஆட்களை விலக்கி வைக்கச் சாமி வைத்தேன். சாமியைப் பார்க்கப் பள்ளத்தின் விளிம்பு வரை ஆட்கள் வந்தார்கள். இதை யோசிக்க வேண்டிய மூளை அப்போது எங்கே போயிருந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

இந்த நேரம் பார்த்து சப்-கொன்னின் ஆட்கள் வந்தார்கள். நிஜமாகவே வந்தார்கள். மண்வாரி இயந்திரம், காங்கிரீட் லாரி எல்லாம் வந்தன. அவர்களின் மேஸ்திரி, எங்கள் பேச்சில் மண்டோர், ஒரு வயதான சீனர். சூலத்தைப் பார்த்ததும் இயந்திரத்தை அணைக்கச் சொல்லிவிட்டார். தொப்பியைக் கழற்றினார். கடைக்குப் போய் ஆரஞ்சுப் பழங்களும் ஊதுவத்தியும் வாங்கி வந்து, கொளுத்தி வைத்து, தலை குனிந்து ஏதோ முணுமுணுத்தார். பிறகு எல்லாரையும் கிளப்பிக்கொண்டு புறப்பட்டார். நான் செருப்பில்லாமல் பின்னால் ஓடினேன்.

"அங்கிள், அது என்னோடது. புடுங்கிப் போட்டுட்டு வேலையப் பாருங்க."

"தங்கச்சி, இந்த மாதிரி இடத்துல கைய வச்சா என் ஆளுங்களுக்கு ஏதாவது ஆகும் லா. போன தடவ ஒருத்தன் ஆஸ்பத்திரில படுத்துட்டான்."

"நான்தான் வச்சேன் அங்கிள்."

"வைக்கிறது ஈசி. எடுக்கிறதுக்கு ஒங்க பூசாரியக் கூப்பிடு. அப்புறமா போன் பண்ணு."

நானே பிடுங்கிவிடலாம் என்று திரும்பினேன். சூலத்தைப் பிடித்ததும் சரோஜா அக்கா என் கையைப் பிடித்தார். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர் நின்றார்கள். யாரும் கோபப்படவில்லை. ஆனால் யாரும் வழிவிடவும் இல்லை. கோயில் பூசாரியிடம் ஓடினேன். நல்ல நாள் பார்த்து, பூசை போட்டு, முறையாக எடுத்துக் கோயிலில் சேர்க்கிறேன், ஆனால் தைப்பூசம் முடியட்டும் என்றார். நகராண்மைக் கழகத்துக்குப் போன் செய்தேன். அதே மரியாதைக்காரர்.

"அம்மா, இப்ப அங்க வழிபாட்டுத்தலம் இருக்குன்னு தகவல் வந்திருக்கு. அது வேற பிரிவு."

ஊரே சொந்தமில்லை என்று கைவிட்ட பள்ளத்துக்கு இப்போது ஒரு சொந்தக்காரர் கிடைத்துவிட்டார். அவர்மீது யாரும் கைவைக்கத் துணியவில்லை. பூசாரிக்காகக் காத்திருந்தோம். தைப்பூசம் வருவதற்குள் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

என் அண்ணன் சேகர் டிரெய்லர் ஓட்டுநர். துறைமுகத்திலிருந்து கொள்கலன்களை ஏற்றிக்கொண்டு தீபகற்பம் முழுவதும் போவார். ரோட்டோரத்தில் எந்தச் சாமி இருந்தாலும், எந்த மதத்துச் சாமியாக இருந்தாலும், கையை நெற்றிக்குக் கொண்டுபோகாமல் கடந்ததில்லை. "ரோட்டுல பொழைக்கிறவன் ரோட்டு சாமியப் பகைச்சுக்கக் கூடாது" என்பார். என்னுடைய சூலத்தின் கதை அவருக்கு முழுசாகத் தெரியும். வாட்ஸ்அப்பில் என்னைப் பெரிய பூசாரியம்மா என்று கேலி செய்துகொண்டிருந்தவரே அவர்தான்.

அன்று காலையில் தூறல். இந்திரா அண்ணி நண்டுக் குழம்பு வைத்து, "ஒங்க தங்கச்சிக்குக் கொஞ்சம் குடுத்துட்டு வாங்க" என்று அனுப்பியிருக்கிறார். அண்ணன் மோட்டார் சைக்கிளில் தூக்குச்சட்டியை மாட்டிக்கொண்டு வந்தார். சூலத்தின் அருகே வேகத்தைக் குறைத்தார். வழக்கம்போல வலது கையை எடுத்து நெற்றியில் வைத்தார். பாதையில் அழுகிய மாலையும், நசுங்கிய எலுமிச்சம்பழமும், விளக்கிலிருந்து வழிந்த எண்ணெயும் மழைநீரில் ஊறிக் கிடந்தன. முன்சக்கரம் ஒரு இழுப்பு இழுத்தது.

சத்தம் கேட்டு நான் ஓடியபோது பள்ளத்துத் தண்ணீரில் சிவப்பாக ஏதோ மிதந்துகொண்டிருந்தது. குழம்பென்றுதான் முதலில் நினைத்தேன். இடது காலில் கம்பி ஏறியிருந்தது. அண்ணன் முகம் வெளுத்திருந்தது, ஆனால் நினைவு இருந்தது.

"சட்டி ஒடஞ்சிருச்சு கலா. அண்ணிகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

இது நான் வேகமாகக் கடக்கும் இடம். அறுவை செய்தார்கள். பள்ளத்துத் தண்ணீர் சாக்கடைத் தண்ணீர். புண் சீழ் பிடித்தது. மறுபடி அறுத்தார்கள். கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். டிரெய்லரில் கிளட்சை மிதிப்பது இடது கால். பெரியவள் கவிதா படிவம் ஐந்து அரசாங்கத் தேர்வு எழுத வேண்டிய வருடம், சின்னவன் தொடக்கப்பள்ளி, அண்ணி வேலைக்குப் போனவரில்லை. அந்தக் காலில்தான் அந்த வீடு நின்றது.

மருத்துவமனையில் நான் அழுதுகொண்டே கேட்டேன். "அது நான் வச்சதுன்னு தெரியும்ல அண்ணே. எதுக்குக் கையெடுத்த?"

"தெரியும். கை தானா போயிருச்சு."

அண்ணி பக்கத்தில் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு சுளை தரவில்லை.

வீட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமை குழம்பு கொடுக்க வந்த வழியில் நடந்தது என்பதால் வேலை தொடர்பான காப்புறுதி எதிலும் இது சேராது என்று சொல்லிவிட்டார்கள். மிச்சம் இருந்தது வழக்கு ஒன்றுதான். ஜொகூர் பாருவில் எங்கள் வழக்கறிஞர் ஒரு இளம்பெண், மிஸ் ஷாலினி. அண்ணன் ஊன்றுகோலோடு, அண்ணி, முரளி, நான் என்று அவர் அறைக்குள் அடைந்து உட்கார்ந்தோம்.

"நகராண்மைக் கழகம் பதில் குடுத்துட்டாங்க. வேலைய சுயேச்சையான குத்தகையாளர்கிட்ட ஒப்படைச்சாச்சு, அவர் எப்படி செய்யணும்னு நாங்க சொல்றதில்ல, அதனால அவரோட கவனக்குறைவுக்கு நாங்க பொறுப்பு இல்லன்னு சொல்றாங்க. சட்டத்துல அதுக்கு எடம் இருக்கு. விதிவிலக்கும் இருக்கு. அதுல நொழைஞ்சு பார்ப்போம்."

அண்ணன் கேட்டார். "ரோடு அவங்களோடது தானே மிஸ்?"

"ரோடு அவங்களோடது. பள்ளம் அவங்களோடது இல்ல."

அண்ணன் தலையாட்டினார். (அரசாங்கத்தின் பதில் எப்போதும் அவருக்கு நியாயமாகவே படும். சாலைவரி கட்டுகிற நாளில் புதுச்சட்டை போடுகிற ஆள்.)

"குத்தகையாளர், சப்-கொன் செஞ்ச தப்புங்கிறார். சப்-கொன் என்ன சொல்றார்னா, நாங்க பள்ளத்த மூடறதுக்கு வந்தோம், அங்க யாரோ சட்டவிரோதமா ஒரு வழிபாட்டு மேடை கட்டி வேலையத் தடுத்துட்டாங்க, பாதையில எண்ணெயும் பூவும் கொட்டி வழுக்க வச்சதும் அவங்கதான்னு சொல்றார். படம்கூட குடுத்திருக்கார்."

படத்தை மேசையில் வைத்தார். மண்டோர் ஊதுவத்தியோடு குனிந்து நிற்கிறார். பின்னால், செருப்பில்லாமல், வாயைப் பிளந்துகொண்டு நான்.

"அந்த மேடைய யார் கட்டினாங்கன்னு கண்டுபிடிக்க முடியுமா?" என்றார் மிஸ் ஷாலினி.

முரளி தரையைப் பார்த்தார். நான் பள்ளிப் பிள்ளை போலக் கையைத் தூக்கினேன். மிஸ் ஷாலினி பேனாவை மூடி வைத்தார்.

"இந்த விஷயத்துல சொந்தக் கையால ஒரு காரியம் செஞ்சதா ஒத்துக்கிற மொத ஆள் நீங்கதான்" என்றார்.

அப்போது அண்ணி வாயைத் திறந்தார். விபத்துக்குப் பிறகு என் எதிரில் அவர் பேசியது அதுதான் முதல் தடவை. என்னிடம் அல்ல, வழக்கறிஞரிடம்.

"அப்ப இவ மேல கேஸ் போடலாமா?"

அண்ணி கோபத்தில் கேட்கவில்லை. மற்ற கதவு எல்லாம் மூடிக்கொண்டே வந்தது, திறந்திருந்த ஒரே கதவு நான். லாயாங் லாயாங்கில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில், தாயார் தையல் மெஷின் மிதித்து மூன்று பெண்களைக் கரையேற்றிய வீட்டில் பிறந்தவர் அவர். கணக்காகத்தான் கேட்டார்.

"போடலாம்" என்றார் மிஸ் ஷாலினி மெதுவாக. "ஆனா..."

"போட வேணாம்" என்றார் அண்ணன். "அவ மேல போட்டு வாங்குற காச அவளே நம்மகிட்ட கடன் கேட்டு வருவா. ஓடி ஒளியறதுக்கு எனக்குக் கால் இல்ல."

அவர் மட்டும்தான் சிரித்தார்.

வழக்கு நடந்தது. சாட்சியாக நானே போனேன். நீதிமன்றத்துக்குக் கறுப்புக் காலணி போட வேண்டும் என்று யாரோ சொன்னதை நம்பி, என் மகளின் பள்ளிக் காலணியைப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். அது ஒரு அளவு சின்னது. சாட்சிக்கூண்டுக்குள் நொண்டிக்கொண்டே ஏறினேன். காலை இழந்தவர் யார் என்று நீதிபதிக்கே ஒரு கணம் குழப்பம் வந்திருக்கும். நகராண்மைக் கழகத்தின் வழக்கறிஞர் நல்ல உயரம், இனிமையான குரல்.

"நீங்கள் நகராண்மைக் கழகத்தின் ஊழியரா?"

"இல்லை."

"அந்தச் சூலத்தை வைக்கும்படி கழகம் உங்களிடம் சொன்னதா?"

"கழகம் என்னிடம் எதையும் செய்யச் சொன்னதில்லை. நான்தான் அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்."

"கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். வைக்க அனுமதி வாங்கினீர்களா?"

"இல்லை."

"கம்பி யாருடையது?"

"தரையில் கிடந்தது."

"யாருடையது?"

"குத்தகையாளருடையது" என்றேன். முரளி முகத்தைக் கையால் மூடிக்கொண்டது அங்கிருந்தே தெரிந்தது.

"எதற்காக வைத்தீர்கள்?"

இதற்காகவே இரவெல்லாம் மலாயில் ஒரு பேச்சுத் தயார் செய்து வைத்திருந்தேன். பொதுப்பாதை, பொதுமக்கள், கடமை என்று எல்லாம் அதில் இருந்தது. ஒன்றும் வரவில்லை. கால் விரல் வலித்தது. அண்ணி எனக்கு நேர் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"யாரும் விழக்கூடாது என்று வைத்தேன்" என்றேன்.

"விழுந்தார்களா?"

"விழுந்தார்."

"வேறு கேள்வி இல்லை" என்று அவர் உட்கார்ந்துவிட்டார்.

தீர்ப்பில், நகராண்மைக் கழகம் பொறுப்பல்ல. திறமையான, சுயேச்சையான ஒரு குத்தகையாளரிடம் வேலையைக் கொடுத்ததோடு அதன் பங்கு முடிந்தது. குத்தகையாளரும் அதே மாதிரி நழுவினார். சப்-கொன் மட்டும்தான் பொறுப்பு, அதிலும் அண்ணன் கைப்பிடியிலிருந்து கையை எடுத்ததற்காக ஒரு பங்கைக் கழித்துக்கொள்ள வேண்டும். ஆகவே நாங்கள் ஜெயித்தோம். முரளி கைதட்டப் போனார். மிஸ் ஷாலினி அவர் கையைப் பிடித்து நிறுத்தி, அந்த சப்-கொன் கம்பெனி இதற்குள் மூடியாகிவிட்டது, அதன் பெயரில் பழைய கலவை இயந்திரம்கூட இல்லை என்றார். அவர் மேல்முறையீடு பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணி எழுந்து, அண்ணனின் ஊன்றுகோலை எடுத்து நீட்டி, "வாங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். எங்கள் காரில் ஏறவில்லை.

பள்ளம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். விபத்து நடந்த மறுவாரமே பூசாரி ஓடிவந்து சூலத்தை எடுத்துப் போனார். அதற்குப் பிறகு ஒருநாள் நாங்கள் மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது பள்ளம் மூடி, தார் போட்டு, வெள்ளைக் கோடுகூட இழுத்திருந்தது. யார் மூடியது என்று கேட்டேன். கழகம் நாங்கள் இல்லை என்றது. குத்தகையாளர் நாங்கள் இல்லை என்றார். நல்ல காரியத்துக்கும் ஆள் கிடைக்கவில்லை.

அண்ணன் குடும்பம் சில மாதம் லாயாங் லாயாங்கில் அண்ணியின் தாய்வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பியது. அண்ணன் செயற்கைக் கால் பழகினார். இப்போது ஒரு கிடங்கின் வாயிலில் லாரிகளைப் பதிவு செய்யும் வேலை. தான் ஓட்டிய டிரெய்லரையே உள்ளே விடுவதும் வெளியே விடுவதும் அவர்தான். அதைப் பற்றி அவர் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை. அண்ணி வீட்டிலேயே தையல் போட்டார். நான் போனால் கதவைத் திறப்பார், நாற்காலி போடுவார், தேநீர் வைப்பார். பேசமாட்டார். திட்டியிருந்தால் எனக்கு ஒரு பாரம் இறங்கியிருக்கும். அந்தத் தேநீரை நான் குற்றவாளியைப் போலக் குடிப்பேன்.

எங்கள் வீட்டுச் சிரிப்பை ஆரம்பித்தது அண்ணனின் சின்னவன். ஒருநாள் ஐஸ்கிரீம் டப்பா காலியாக இருந்தது. யார் தின்றது என்று அண்ணன் அதட்டியிருக்கிறார்.

"நான் இல்லப்பா. சப்-கொன்."

அண்ணன் அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் செயற்கைக் கால் கழன்றுவிட்டதாம். அதிலிருந்து பிடித்துக்கொண்டது. கண்ணாடி உடைந்தால் சப்-கொன். சோறு அடிப்பிடித்தால் சப்-கொன். முரளி என் பிறந்தநாளை மறந்துவிட்டு, வாழ்த்துச் சொல்லும் வேலையைச் சுயேச்சையாக ஒருவரிடம் ஒப்படைத்திருந்ததாகச் சொன்னார். எல்லாரும் சொன்னார்கள். அண்ணி மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. யாராவது சொல்லிச் சிரிக்கும்போது எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். அவர் போகும்போதெல்லாம் என் சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

கவிதாவுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. விருந்து எங்கள் வீட்டில்தான் என்று அண்ணன் பிடிவாதம் பிடித்தார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அண்ணி எங்கள் வீட்டு வாசலை மிதித்ததில்லை. அன்று வந்தார். தார் போட்டு மூடிய அந்த இடம் வந்ததும் காரை நிறுத்தச் சொல்லி இறங்கி, அதன்மேல் நடந்தே வந்தார். நான் சன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்.

எல்லாம் சரியாக வர வேண்டும் என்று விடியலிலிருந்து நின்று சமைத்திருந்தேன். கடைசியில் சவ்வரிசிப் பாயசத்தைப் பானையோடு தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது, மிதியடியில் கால் தடுக்கி, பானையும் நானும் தரையில் கிடந்தோம். பாயசம் சோபாவுக்கு அடியில், அண்ணனின் காலணியில், கவிதாவின் புதுப் பாவாடையில் எல்லாம் ஓடியது. நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் அண்ணியின் முகத்தைப் பார்க்க வேண்டிவரும்.

அடுப்படியிலிருந்து முரளி கத்தினார். "என்னா சத்தம்? யாரு கொட்டுனது?"

பதில் சொன்னது அண்ணி.

"வேற யாரு. சப்-கொன்தான்."

அண்ணன்தான் முதலில் வெடித்தார். பிறகு கவிதா, சின்னவன், அடுப்படியிலிருந்து ஓடிவந்த முரளி, எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எங்கள் வீட்டில் எந்த விசேஷம் நடந்தாலும் இன்றைக்கும் யாராவது ஒருவர் அந்தப் பாயசத்தைச் சொல்லாமல் சாப்பாடு முடியாது. நான் பாயசத்தில் உட்கார்ந்தபடியே சின்னப் பிள்ளை மாதிரி அழுததையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். அண்ணி அதற்குள் சேலையை இடுப்பில் செருகி, தரையில் குந்தி, துடைக்க ஆரம்பித்திருந்தார். துணியை வாளியில் பிழிந்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அழுதது போதும் கலா. அந்தப் பக்கம் நீ தொடை" என்று இன்னொரு துணியை என்னிடம் நீட்டினார்.